மாம்பழம் யாருக்கு?

 

நான் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கேன். அப்பா, அம்மா ஸ்ரீரங்கத்தில். வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போனாலே பெரிய விஷயம். அந்தக் குறையை ஒரே அடியில் தீர்த்துடணும்னு போன வருஷம் ஒரு திட்டம் போட்டேன். மூணு பேரும் நார்வேக்குக் கப்பல் பயணம்!

கெய்ராங்கர் ஃபியோர்டுன்னு ஒரு இடம். பனியாறுகள் மலையை அறுத்து உண்டாக்கின பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து நிற்கிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. 'ஏழு சகோதரிகள்'னு ஒரு அருவி ஏழு கிளையா விழும். அதில் உயரமானது சுமார் 250 மீட்டர். அந்த மலைக்கும் அருவிக்கும் நடுவில் கப்பல் போகும். குறிஞ்சிக் கடவுளைக் கும்பிடுறவனுக்கு இதைவிட என்ன வேணும்? நக்கீரரே திருமுருகாற்றுப்படையைப் பழமுதிர்சோலை அருவியில்தானே முடிக்கிறார்! அவ்வளவு தூரம் நமக்கு எதுக்குன்னும் சொல்ல முடியாது. நமக்கு முன்னாடியே முருகன் நார்வே போயிட்டார். ஆஸ்லோவில் நம்ம ஈழத்து உறவுகள் கட்டின சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கு.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "ரொம்ப அழகா இருக்குடா. அந்தத் தண்ணியில கை வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"பத்து மாடிக் கப்பல்மா. மேலேருந்து பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "எனக்கு ஒகேனக்கல் பார்க்கணும்டா. முப்பது வருஷமா ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல காதோலை கருகமணி விடுறேன். அந்தத் தண்ணி எங்கே குதிச்சு வருதுன்னு ஒரு தடவை பார்க்கணும்."

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நம்ம மாம்பழக் கதைதான் மனசில் ஓடிச்சு. முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றினார். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிப் பழத்தை வாங்கினார். 'பெற்றோரே உலகம்'னு சின்ன வயசிலேருந்து கேட்ட கதை. ஆனா அதில் ரெண்டு பிள்ளைகளுமே, 'உங்களுக்கு எங்கே போகணும்?'னு பெற்றவங்களைக் கேட்கலை.

தப்பா எடுத்துக்காதீங்க. அது திருவிளையாடல். ஈசனுக்கும் உமையம்மைக்கும் உலகமே சொந்தம். கேட்டுக் கொடுக்க அவங்களுக்கு என்ன குறை? அதனால் பிள்ளையார் சொன்ன நியாயம் அங்கே சரி. நம்ம அப்பா அம்மா அப்படியில்லை. அவங்களுக்கு ஆசை உண்டு, மூட்டு வலி உண்டு, நம்ம காலேஜ் ஃபீஸுக்காகத் தள்ளிவைச்ச பயணங்களும் உண்டு. அவங்களைக் கும்பிட்டு ஒரு சுற்று சுற்றினாலும் அந்த ஆசை தீராது. அவங்களுக்காகன்னு சொல்லி நாம உலகத்தையே சுற்றினாலும் தீராது. நான் நார்வேயைத் தேர்ந்தெடுத்தது யாருக்காக? பாதி அவங்களுக்காக. மீதி, என் குற்ற உணர்ச்சிக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும். மாம்பழம் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கு.

ஒகேனக்கல் போனோம், தை மாசம். தண்ணி அதிகமா வந்தா பரிசலை நிறுத்திடுவாங்க; அதனாலேயே முன்னாடி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் மூங்கில் பரிசல். அருவிச் சாரல் புகை மாதிரி எழும்புது. கன்னடத்தில் அந்தப் பேருக்குப் 'புகையும் கல்'னுதான் அர்த்தம். பரிசல்காரர் ஒரு சுழற்று சுழற்றினதும் அம்மா "முருகா!"ன்னு கத்திட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சார். அப்புறம் தண்ணியில் கையை விட்டு அப்படியே வச்சிருந்தார்.

"இது நம்ம ஊருக்கு எப்படா வரும்?"

"நேரா வராதும்மா. முதல்ல மேட்டூர்ல நிக்கும். 1934-ல கட்டி முடிச்ச அணை, 120 அடி. அங்கே திறந்துவிட்டா, முக்கொம்புல கொள்ளிடம் பிரிஞ்சது போக மிச்சம் அம்மா மண்டபத்துக்கு வரும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு. லீவு விட்டாத்தான் வரும்."

பதில் சொல்லத் தெரியலை. பெங்களூருவில் நான் தினமும் குடிக்கிறதும் காவிரித் தண்ணிதான்.

திரும்பி வரும்போது அப்பாவிடமும் கேட்டேன். ஏற்கெனவே பாடம் படிச்சாச்சே! பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். "எனக்கு உன் நார்வே கப்பலையே பார்க்கணும்டா. மலையெல்லாம் இருக்கட்டும், அந்த இன்ஜின் ரூமைக் காட்டுவாங்களா?" என்றார். அம்மா முறைத்தார். கேட்டா ரெண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்கன்னு எந்தப் புராணத்திலும் இல்லை. இப்போ அப்பாவுக்காக மறுபடியும் பணம் சேர்க்கிறேன். இந்தத் தடவை அது யாருக்கான மாம்பழம்னு எனக்குத் தெரியும்.

இந்தப் பதிவை ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "எங்கேயாவது போகணும்னு ஆசை இருக்கா?"ன்னு கேளுங்க. "ஒண்ணும் இல்லைப்பா"ன்னு சொன்னா நம்பாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!