முதலில் கை, பிறகுதான் கேள்வி



திருவண்ணாமலைப் பக்கம் போகும்போது கண்மாய்க் கரையின் மண்சரிவில் சின்னச் சின்னப் பொந்துகளைப் பார்த்திருப்பீர்கள். பாம்பு இருக்கும் என்று பிள்ளைகளை அதட்டி இழுத்து வருவோம். ஆனால் அவற்றில் சில மீன்கொத்தி தோண்டிய வீடு. உள்ளே இருட்டில் முட்டைகள் இருக்கும்.

அதே மாதிரி பொந்தில் குடியிருக்கும் ஒரு கடற்பறவை உண்டு. வில்சன் புயல்பறவை என்பார்கள். ஒரு கோழிமுட்டையின் எடைகூடக் கிடையாது, சுமார் 40 கிராம்தான். அண்டார்டிகாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் பாறை இடுக்கில், மண் பொந்தில் பிறக்கிறது. இந்த ஆடி மாதத்தில், நம் மேற்கு மலையில் சாரல் விழும்போது, அந்தச் சாரல் புறப்பட்டு வந்த கடலில்தான் அது இரை தேடி அலைந்துகொண்டிருக்கும்.

சிறகை விரித்து, இரண்டு கால்களாலும் தண்ணீரைத் தட்டித் தட்டி, அலைமேல் நடப்பதுபோலவே போகும். அதனால்தான் இந்தப் பறவைகளுக்குப் பெட்ரல் என்ற பெயர் பேதுருவை வைத்து வந்தது என்று கடலோடிகள் சொல்லி வந்திருக்கிறார்கள். இன்றைய நற்செய்தியில் தண்ணீர்மேல் கால் வைத்தாரே, அவரேதான்.

ஆனால் கரைக்கு வந்துவிட்டால் அந்தக் கால்களுக்கு நிற்க வலுவில்லை. தவழ்ந்துதான் பொந்துக்குள் போகவேண்டும். பகலில் வந்தால் பெரிய பறவைகள் கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே இருட்டிய பிறகு வரும். ஒன்று உள்ளே ஒற்றை முட்டையோடு இருக்க, இன்னொன்று கடலுக்குப் போகும். பிறகு அது வந்து இதை அனுப்பும். இப்படி ஏறத்தாழ 40 நாள் மாறி மாறி அடைகாக்கும். மில்லில் கணவனுக்கு நைட் ஷிப்ட், மனைவிக்குப் பகல் ஷிப்ட் என்று வாசற்படியில் சாவியை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் நம் பங்குக் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளியே நாம் எவ்வளவோ சமாளிக்கிறோம். தறியும் ஓட்டுகிறோம், கடனும் கட்டுகிறோம். வீட்டுக்குள் வந்ததும் ஏன் கால் துவள்கிறது? பெற்ற பிள்ளையிடம் ஏன் ஒரு நல்ல வார்த்தை வருவதில்லை? குடித்துவிட்டு, இருட்டிய பிறகே வீடு திரும்புகிற சகோதரரே, யார் கண்ணுக்குப் பயந்து அப்படி வருகிறீர்கள்?

பேதுருவைப் பாருங்கள். காற்றைக் கண்டார், பயந்தார், மூழ்கத் தொடங்கினார். காப்பாற்றும் என்று கத்தினார். ஆண்டவர் செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். உடனே கையை நீட்டிப் பிடித்தார். பிறகுதான், ஏன் ஐயப்பட்டாய் என்று கேட்டார். நாமாக இருந்தால் கேள்வியை முதலில் கேட்டிருப்போம். பதில் சரியாக வந்தால் கையைக் கொடுத்திருப்போம். (நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். மன்னியுங்கள்.) கண்டிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பேதுருவின் கை அவர் கைக்குள் இருந்தது. அதுதான் அன்பர்களே, இரக்கம். அது நடந்ததும் இரவின் நான்காம் காவல் வேளையில், விடிவதற்குச் சற்று முன்பு. நைட் ஷிப்டில் கண் எரிகிற நேரம்.

மறுபடி அந்தக் கடற்பறவைக்கு வருவோம். சில ஆண்டுகளில் பனி விழுந்து அதன் பொந்தின் வாய் அடைத்துப்போகும். இரையோடு வந்த தாய் வெளியே, குஞ்சு உள்ளே. உடம்பில் சேர்ந்த கொழுப்பை வைத்துக்கொண்டு குஞ்சு காத்திருக்கும். சில குஞ்சுகள் பிழைப்பதில்லை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: எந்தக் கல்லும் எந்தப் பனியும் நம் ஆண்டவரை வெளியே நிறுத்தியதில்லை. பூட்டிய அறைக்குள் வந்தவர் அவர்.

திருப்பலி முடிந்ததும் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக நான் பக்கவாட்டுக் கதவருகே இருப்பேன். ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வருகிறவர்களுக்காக நாளை ஐந்தரை மணிக்கே அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். விளக்கு வேண்டாம் என்றால், போடமாட்டேன்.