இறுதி நோய்க்கு முன் எழுதவேண்டிய குறிப்பு



எம் தமக்கையார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இரவுண்ணாமை நோன்பில் வழுவாதவர். தம் இறுதிப் பதினொரு நாள்களை அவர் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தார். நினைவு மீளாது என மருத்துவர் உரைத்த பின்னும் செயற்கைச் சுவாசம் தொடர்ந்தது. நள்ளிரவிலும் குழாய் வழியே உணவு செலுத்தினர். செவியில் பஞ்ச நமஸ்காரம் ஓத எமக்குக் கிடைத்தவை நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. மக்கள் மூவரும் மூன்று கருத்தினர். அன்னையின் விருப்பம் யாதென ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எழுதி வைக்கவில்லை, யாமும் கேட்டிலோம்.

இறப்பைப் பேச அஞ்சும் சமயமன்று நம்முடையது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு உள்ளது. தீர்க்கவொண்ணா இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் இவை நேருமிடத்துச் சல்லேகனைக்கு இடமளித்த சமந்தபத்திர சுவாமிகள், வாழ்வின்மேல் ஆசையையும் சாவின்மேல் ஆசையையும் ஒருங்கே குற்றமென வைத்தார். யாம் கூறப்புகும் பத்திரம் சல்லேகனையன்று. அது குருவின் இசைவோடு, தெளிந்த நினைவோடு ஏற்கும் விரதம். இதுவோ நினைவிழந்த காலத்துக்கானது. சாவை வேண்டுவதுமன்று, பயனற்ற கருவிகளால் உடலைப் பிடித்து வைக்கவேண்டா என்பது மட்டுமே.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதற்கு வழி வகுத்தது. 2023 சனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. முன்பு நீதித்துறை நடுவரை நாட வேண்டும். இப்பொழுது இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். நமக்காக முடிவு கூறுவோரின் பெயர்களையும் எழுதவேண்டும். நம்மால் முடிவெடுக்க இயலாதபோதே அது செயற்படும். அப்போதும் இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து இசைய வேண்டும். மனம் மாறின் எப்பொழுதும் எழுத்து மூலம் விலக்கிக்கொள்ளலாம்.

பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பில் நுழையலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்ற யாம், இக்குறிப்பை எழுத எழுபது வயதைக் கடக்கவேண்டியிருந்தது!

வலி தணிக்கும் மருந்து வேண்டும். மீளும் நம்பிக்கையற்றபோது செயற்கைச் சுவாசமும் குழாய் உணவும் வேண்டா. நமஸ்கார மந்திரம் ஓத ஒருவர் அருகிருக்க வேண்டும் என எழுதினோம். ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடம் அளித்தோம். மூத்த மகள் படித்துக் கையொப்பத்தைத் தடவிப் பார்த்தாள். இளைய மகன் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. பர்யூஷண நாள்களில் வருவான். அருகமர்த்தி யாமே படித்துக் காட்டுவோம்.