அசையாதிருத்தல்

பார்ப்பதோடு நின்றுகொள்பவன் குற்றமற்றவன் என்கிற எண்ணம் எனக்கு வெகுநாட்களாக உண்டு. 2022இல், கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில், ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போன இடத்தில் அது ஆட்டம் கண்டது.

நீரில் இறங்குமுன் சொல்லித்தரப்பட்டவை இரண்டு. மூச்சை அடக்காதே. எதையும் தொடாதே.

கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசி அங்கே காடாக நிற்கிறது. சாதகமான நீரில் நாளொன்றுக்கு ஒரு அடி வரை வளரும் என்கிறார்கள். காடு என்பது நம் சௌகரியத்துக்கான சொல். வேர் போலத் தெரிவது எதையும் உறிஞ்சுவதில்லை. பாறையைப் பற்றிக்கொள்வதோடு சரி. இலைக்கு இலை உள்ள காற்றுப் பைகள் அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அவற்றினூடே பழுப்பாக இறங்கும் வெளிச்சத்தில் என் உடம்பு எனக்கே அந்நியமாக இருந்தது. இடுப்பில் கட்டிய ஈயம் கீழே இழுத்தது, சட்டையில் ஏறிய காற்று மேலே தூக்கியது. புதியவனுக்கு மிதப்பு வசப்படுவதில்லை.

ஒரு தண்டு முதுகில் இருந்த காற்றுக் கலத்தில் சிக்கிற்று. திரும்பினேன், இன்னொன்று சுற்றிக்கொண்டது. சிக்கினால் சுழலாதே என்று சொல்லியிருந்தது ஞாபகம் வர, அசையாதிருந்தேன். கூட வந்தவர் பின்னால் வந்து தண்டை மடக்கி ஒடித்தார். இழுத்தால் அறாதது மடக்கினால் ஒடிந்துவிடுகிறது.

கரையேறியதும் இதை ஒரு தத்துவமாக்கிக்கொண்டேன். செயல்தான் சிக்கல், அசைவின்மை விடுதலை என்று. ஒடித்த கை என் தத்துவத்தில் இடம்பெறவில்லை.

அதே விரிகுடாவில் டேங்கர்ஸ் ரீஃப் என்றொரு இடம். அந்தக் கடற்கரை நெடுகிலும் 2013 முதல் ஒரு நோய் நட்சத்திர மீன்களை அழித்தது. 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியது. முள்ளெலிகளைத் தின்ன ஆளில்லாது போய், ஊதா நிற முள்ளெலிகள் கெல்பை மேய்ந்து தீர்த்தன. தின்ன ஒன்றுமில்லாத பாறைகளிலும் அவை சாவதில்லை. பட்டினியோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. உள்ளே சதையற்றுப்போன அவற்றை நீர்நாய்களும் சீந்துவதில்லை. 2021இல், மூழ்குபவர்கள் அங்கே அவற்றைக் கைக்கருவிகளால் உடைக்கலாம் என்று மாநில அரசு அனுமதித்தது. கூட வந்தவர் அந்த வேலைக்குப் போய்வருபவர். அடுத்த முறை நீயும் வா என்று ஒரு சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கொல்லாமையைக் காரணமாகச் சொன்னேன். அது பொய்யல்ல. முள்ளெலி செய்த தவறுதான் என்ன? பசித்தது, தின்றது. கெல்பைக் காப்பது மீன்களுக்காக என்கிறோம். நாம் பார்த்து மகிழ்வதற்காகவும்தான். ஓர் அழகின் பொருட்டு உயிர்களை உடைக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பதில் இல்லாததால் நான் விலகி நின்றேன் என்பது முழு உண்மையாகாது. என் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதுதான் முதல் கவலையாக இருந்தது. கடல்கள் சூடேறிவருவதில், அங்கே விமானத்தில் போய் இறங்கிய எனக்கும் பங்குண்டு. அந்தக் கணக்கில் இருக்கும் கை சுத்தியலை மட்டும் மறுப்பதை அஹிம்சை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இரண்டு முறை அசையாதிருந்தேன். இரண்டு முறையும் எனக்காக வேறொருவர் ஒடிக்கவேண்டியிருந்தது. இரண்டாம் முறை அவர் சுத்தியலோடு நீரில் இறங்கியபோது, நான் கரையில் உட்கார்ந்து அவருடைய காற்றுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.