பலகையில் வைத்த சொல் பொய்யாகுமா?

 

விளையாட்டுகளைப் பற்றிய கேள்விகள் நமக்கு அடிக்கடி வருவதுண்டு. கேரம் ஆடலாமா, சதுரங்கம் ஆடலாமா, சீட்டு ஆடலாமா என்று கேட்பார்கள். கிதாபுகளில் உள்ள பதிலை எடுத்துச் சொல்லி முடித்து விடுவோம். ஆனால் கடற்கரைப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கும் கேள்வியை அப்படி முடித்துவிட இயலவில்லை. சென்னையில் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், சனி ஞாயிறுகளில் நடக்கும் ஸ்க்ராபிள் போட்டிகளுக்குப் போகிறாராம். விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லை, இல்லை என்று தெரிந்தே பலகையில் வைத்து, எதிராளி அதை நம்பிவிட்டதால் ஓர் ஆட்டத்தில் வென்ற கதையை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "காக்கா, அப்படீன்னா அது பொய்தானே?" என்று கேட்டிருக்கிறாள். மகனுக்குப் பதில் வரவில்லை. "எனக்கும் வரவில்லை ஹஜ்ரத்" என்று எழுதுகிறார் தகப்பனார்.

அந்தச் சிறுமி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் காணுமுன் இவ்விளையாட்டு இன்னதென்று அறியாத வீட்டாருக்காகச் சிறிது சொல்ல வேண்டும்.

1930களில் அமெரிக்காவில் வேலையிழந்த கட்டடக்கலை நிபுணரான ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் இதை அமைத்தார். பத்திரிகையின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணிப் பார்த்து, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த மதிப்பும் அரிதாக வருவதற்கு அதிக மதிப்பும் வைத்தார். 1948இல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் ஸ்க்ராபிள் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பலகையில் 225 கட்டங்கள்; பையில் 100 சில்லுகள். ஒவ்வொருவரும் ஏழு சில்லுகளை எடுத்துத் தம் முன்னே மறைத்து வைத்துக்கொண்டு, அவற்றால் சொற்களைக் கோத்துப் பலகையில் வைக்க வேண்டும். போட்டிகளில் ஒருவருக்கு 25 நிமிடங்கள் வீதம் கடிகாரம் ஓடும்.

இவ்விளையாட்டில் க்யூ என்ற எழுத்துக்குப் பத்துப் புள்ளிகள். ஆங்கிலத்தில் அதற்குப் பின் யூ என்ற எழுத்து வந்தாக வேண்டும் என்பது பெரும்பாலும் விதி. யூ கிடைக்காமல் தவிக்கும் ஆட்டக்காரரைக் கரை சேர்ப்பவை எவை தெரியுமா? ஃபகீர், காழி, கிப்லா, வக்ஃபு, தலாக் முதலிய நமது சொற்கள்தாம்! அரபியிலிருந்து சென்று ஆங்கில அகராதியில் குடியேறியவை. கிப்லா எத்திசையில் இருக்கிறதென்று அறியாதவரும் அந்தச் சொல்லை மனனம் செய்து வைத்திருக்கிறார்.

இனி விளையாட்டின் சட்டம். சதுரங்கத்தைப் பொறுத்தவரை ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ் தஹ்ரீம். ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயமும் தொழுகை தவறுதலும் தீய பேச்சும் இல்லாதபோது மக்ரூஹ். பகடை உருட்டி ஆடும் நர்து ஹராம். கணக்கையும் சிந்தனையையும் கொண்டு நடப்பது ஒரு வகை, வெறும் ஊகத்தையும் குருட்டு அதிர்ஷ்டத்தையும் கொண்டு நடப்பது வேறு வகை என்று ஷாஃபிஈ இமாம்கள் பிரித்துள்ளனர். ஸ்க்ராபிளில் பையில் கைவிட்டு எடுப்பது அதிர்ஷ்டம்; எடுத்ததைக் கொண்டு சொல் அமைப்பது சிந்தனை. சிந்தனையின் பங்கே மிகுதியாதலால் இது சதுரங்கத்தின் பக்கம் சேரும் என்பது நமது கருத்து. வேண்டாமென்று ஒதுங்குபவரை நாம் குறை கூற மாட்டோம்.

இப்போது சிறுமியின் கேள்வி. ஸ்க்ராபிள் போட்டிகளின் விதி இதுதான். ஒருவர் வைத்த சொல் செல்லுமா செல்லாதா என்பதை நடுவர் தாமாக வந்து பார்க்க மாட்டார். எதிராளி ஆட்சேபித்தால்தான் சொற்பட்டியலில் தேடுவார்கள். பட்டியலில் இல்லையென்றால் சில்லுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். புள்ளி இல்லை, அந்த முறையும் போயிற்று. எதிராளி ஆட்சேபிக்காவிட்டால் அச்சொல் பலகையில் நிலைத்துவிடும். பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள் இருப்பதால், எல்லாவற்றையும் உறுதியாக அறிந்தவர் அரிது. ஆகவே தவறான சொல் வைப்பவர்களிலும் வேறுபாடு உண்டு. சரியென்று நம்பி வைத்தவர் பிழை செய்தவர். அவர் மீது குற்றமில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று துணிந்து வைத்தவர் இன்னொருவர். நமது கேள்வி, இல்லவே இல்லை என்று அறிந்து வைத்தவரைப் பற்றியது.

மதரஸாவில் முதலில் ஓதும் நஹ்வுக் கிதாபான ஆஜுரூமிய்யா, கலாம் என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. மொழியப்பட்டதாகவும், சொல்லோடு சொல் இணைந்ததாகவும், கேட்பவருக்குப் பொருளை முழுமையாகத் தருவதாகவும் இருந்தால்தான் அது கலாம். பின்னர் பலாகா ஓதும்போது, பேச்சில் மெய் பொய் என்று சொல்லத் தகுந்தது கபர், அதாவது செய்தி மட்டுமே என்று படிக்கிறோம். 'தண்ணீர்' என்று ஒருவர் தனியே சொன்னால் அது மெய்யா பொய்யா என்று கேட்பதில் பொருளில்லை. 'குடத்தில் தண்ணீர் இருக்கிறது' என்றால் கேட்கலாம். பலகையில் வரிசையாக வைத்த ஏழு சில்லுகள் எந்தச் செய்தியையும் சொல்லவில்லை.

நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! பட்டியலை மனனம் செய்திருந்தார், அவ்வளவே. 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே வென்றார். அவர் அம்மொழிகளில் ஒருவரிடமும் எதுவும் பேசவில்லை, காய்களை நகர்த்தினார்.

இத்துடன் விட்டுவிடலாமா? முடியாது. ஏனெனில் நாவு பேசாமல் செயலும் பொய் பேசும். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாயிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்க, தாயார் "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று பிள்ளையை அழைத்தார்கள். என்ன தர நாடினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் சொன்னார்கள். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் ஹதீது இது. குழந்தையை அழைக்க வெறுங்கையை மூடிக் காட்டும் பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம்! இந்த ஹதீதை முன்வைத்து அச்சிறுமி வாதாடினால், 'சில்லு பேசாது' என்ற நஹ்வுப் பாடம் அவளுக்குப் பதிலாகாது.

இன்னொன்றும் உண்டு. எதிராளிக்கு ஆட்சேபிக்க உரிமை இருந்ததே, அவர் ஏன் பயன்படுத்தவில்லை என்று மகன் கேட்கக் கூடும். மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. வாங்க வருபவர் எவரும் அப்படிக் கைவிட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆயினும் ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். ஆகவே 'நீ சோதித்திருக்கலாமே' என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? உடன்படிக்கையில் இருக்கிறது. வியாபாரத்தில் குறையை வெளிக்காட்டுவது விற்பவரின் கடமை. வாங்குபவர் அந்த நம்பிக்கையில்தான் வருகிறார். குழந்தை தாயின் சொல்லை நம்பித்தான் ஓடி வருகிறது. இவ்விளையாட்டிலோ மறைப்பதற்கு இருவரும் முன்கூட்டியே உடன்பட்டு அமர்கிறார்கள். ஒருவர் தம் சில்லுகளை மற்றவருக்குக் காட்டினால் ஆட்டமே இல்லை. ருகானா என்ற மல்லருடன் நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து வென்ற செய்தி, அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருப்பினும், அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்துள்ளது. மல்யுத்தத்தில் வலப்பக்கம் சாய்வது போலக் காட்டி இடப்பக்கம் வீழ்த்துவது பிடியின் ஒரு பகுதி. அதைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. விதியை அறிந்த இருவருக்கிடையே, பணம் எதுவும் பிணையாக இல்லாதபோது, பலகையில் வைக்கும் இல்லாத சொல்லும் அத்தகையதே. அது பொய் என்ற பாவத்தில் சேராது என்பதே நமது முடிவு.

போர் என்பது தந்திரம் என்ற ஹதீதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவோரும் இருக்கின்றனர். அதை நாம் ஒப்பவில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் விரோதி அல்லர், மத்தியானம் நம்மோடு அமர்ந்து சோறு உண்பவர்! போருக்கு அளிக்கப்பட்ட சலுகையைப் பலகைக்கு இறக்குமதி செய்தால், பிறகு கடைக்கும் அலுவலகத்துக்கும் அது வந்து சேரும்.

'உடன்பட்டு அமர்ந்தார்கள்' என்று நாம் சொன்னதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். உடன்பட வேண்டுமானால் அறிந்திருக்க வேண்டும். வாரக் கடைசிப் போட்டிகளுக்கு முதன்முறையாக வரும் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பர். இல்லாத சொல்லை வேண்டுமென்றே வைப்பார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மூத்தவர் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவர். அமெரிக்க முறையில் ஆட்சேபித்தவர் தவறாகிவிட்டால் அவருடைய முறை பறிபோகும். வேறு சில போட்டிகளில் ஐந்து புள்ளிகள் அபராதம். அபராதமே இல்லாத முறையும் உண்டு. ஆட்சேபிப்பதற்கு விலை வைத்திருக்கும் இடத்தில் பழகாதவர் வாய் திறக்க அஞ்சுவார். அந்த அச்சத்தை எண்ணிப் பார்த்து, அறியாப் பிள்ளைக்கு எதிராக இல்லாத சொல்லை வைப்பது அந்த ஈரத் தானியத்தைத்தான் நினைவூட்டுகிறது. இங்கே நாம் அனுமதி கூறமாட்டோம்.

நாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிராளி நிமிர்ந்து பார்த்து, "இப்படி ஒரு சொல் உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என்பது கபர், அப்பட்டமான பொய். தம் பங்குக்கு ஓர் அர்த்தத்தையும் இட்டுக்கட்டிச் சொன்னால் இரண்டு பொய். "விருப்பமானால் ஆட்சேபியுங்கள்" என்று சொல்லலாம், அல்லது மௌனமாக இருக்கலாம். பேச்சாலும் முகபாவத்தாலும் எதிராளியை ஏமாற்ற முயல்வதைப் போட்டிக்காரர்களின் விதிகளே முறைகேடு என்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. சில்லு எடுக்கும்போது பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, பார்வையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும் விதி உண்டு. எட்டிப் பார்ப்பதற்கு இடமிருக்கக் கூடாதல்லவா? இத்தனை இருந்தும் 2012இல் அமெரிக்க தேசியப் போட்டியில், வெற்றுச் சில்லுகளை ஒளித்து வைத்த ஓர் இளம் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டார். அது திருட்டு, அதற்கு மஸ்அலா எதுவும் தேவையில்லை. புள்ளிகளைக் கூட்டும்போது எதிராளி தவறி நமக்கு அதிகம் எழுதிவிட்டார் என்று கண்டால் அக்கணமே சொல்லிவிட வேண்டும். சொல் வைப்பதில் உள்ள மறைவு கணக்கில் இல்லை, கணக்கு அமானத்.

பாவம் இல்லை என்பது ஃபத்வா. அது நல்லதா என்று கேட்டால், எமது உள்ளம் அவ்வளவு எளிதில் ஆம் என்று சொல்லவில்லை. உண்மை நன்மைக்கு வழிகாட்டுகிறது என்றும், பொய்யிலேயே ஒருவர் தோய்ந்திருந்தால் அல்லாஹ்விடம் பொய்யர் என எழுதப்பட்டு விடுகிறார் என்றும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதின் கருத்து, பழக்கத்தைப் பற்றியது. வாரந்தோறும் கலங்காத முகத்துடன் இல்லாததை இருப்பதாகக் காட்டிப் பழகிய முகம், வாப்பாவிடம் கணக்குச் சொல்லும்போது மட்டும் மாறிவிடுமா? மாறுபவர்களும் இருக்கிறார்கள், நாம் அறிவோம். மகனை நேரில் கண்டு அறிந்தவர் தகப்பனார்தாம். அதை அவரே கவனித்துப் பார்க்கட்டும். இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகத்தில் துணிந்து வைக்கும் சொற்களோடு மகன் நின்றுகொண்டு, இல்லை என்று அறிந்ததை விட்டுவிட்டால் அவருக்குச் சில ஆட்டங்கள் போகக் கூடும். அந்தச் சிரிப்புக் கதை வீட்டில் சொல்லக் கிடைக்காது.

பணம் எதுவும் இல்லாதபோது என்று மேலே நிபந்தனை வைத்தோம். தகப்பனார் கடிதத்தில் பரிசைப் பற்றி எழுதவில்லை. அதை விசாரிக்க வேண்டும். கலந்துகொள்வோர் கட்டும் நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி வென்றவருக்குக் கொடுப்பதாயின், அது சூதாட்டமே. ஸ்க்ராபிளாயினும் சரி, வேறு எதுவாயினும் சரி. இருவரும் மனமொப்பித்தானே கட்டினர் என்று சொல்வது பயன்படாது; மனமொப்புவதால் மனிதரின் உரிமை விடுபடும், அல்லாஹ்வின் தடை விடுபடாது. கட்டணம் மண்டபத்துக்கும் மின்சாரத்துக்கும் செலவாகி, பரிசு வெளியிலிருந்து ஒருவர் தருவதாயின் அது வேறு மஸ்அலா. அதிலும் ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் மட்டுமே பரிசு என்ற ஹதீதைக் கொண்டு இமாம்கள் பேசியிருக்கிறார்கள். அறிவுப் போட்டிகளையும் அவற்றுடன் சேர்த்தவர்களும் உளர். போட்டி அறிவிப்பைத் தகப்பனார் நமக்கு அனுப்பினால் பார்த்து எழுதுவோம். அதுவரை கோப்பையோடும் சான்றிதழோடும் மகன் நிற்பது நல்லது.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். நாளுக்கு ஆறேழு ஆட்டங்கள் நடக்கும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் லுஹர் வந்துவிடுகிறது. அஸர் வேளை ஆட்டங்களுக்கு நடுவே வரும். ஆனால் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது, அஸரின் நேரமோ அதைவிட நெடியது. ஆகவே கடிகாரம் ஓடியது என்ற சாக்கு செல்லாது. ஒளுவுடன் போவதும், தொழ இடம் எங்கே என்று காலையிலேயே நடத்துவோரிடம் கேட்டு வைப்பதும் மகனின் பொறுப்பு.

வல்லாஹு அஃலம் பிஸ்ஸவாப்.