கேட்பவன் கொடுக்க வேண்டும்

நால்வர் செய்த வேலையை மூவரைக் கொண்டு முடிப்பது திறமையா, கொடுமையா? உழைத்துப் பிழைக்கும் மக்களாகிய நமக்கு இக்கேள்வி புதியதன்று. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றோரும், நகரத்துத் தொழிற்சாலையில் நிற்போரும் இதன் பொருளை உடலால் அறிவர். இதற்குரிய விடையொன்று இன்றைய மோட்டார் இயந்திரத்துக்குள் இருக்கின்றது.

1985-ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அவ்வாண்டே வெளிவந்த புரோட்டோன் சாகா வண்டியில் அந்நாளைய பிரதமர் மகாதீர் அதன்மீது சென்றார். அவ்வண்டிக்குச் சிலிண்டர் நான்கு. 2020 அக்டோபரில் அதே நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்50 வண்டிக்கோ மூன்றே. மூன்று சிலிண்டர் இழுக்குமா என்று ஐயுற்றவர் பலர். ஆயினும் 1,477 கன சென்டிமீட்டர் கொண்ட அவ்வியந்திரம், உயர்ந்த வகையில் 177 குதிரைச் சக்தி தந்தது. பழைய 1.3 லிட்டர் சாகா தந்தது இதிற் பாதிக்கும் குறைவே. டொயோட்டா நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய ஜி.ஆர். யாரிஸ் வண்டியோ, மூன்றே சிலிண்டரும் 1,618 கன சென்டிமீட்டரும் கொண்டு, மலேசியாவில் விற்கப்பட்டபோது 261 குதிரைச் சக்தி காட்டிற்று.

இஃது எங்ஙனம் கூடிற்று? சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போ என்னும் கருவியே காரணம். சிலிண்டர் எரித்துக் கழிக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; ஆற்றல் பெருகும். ஆகவே வலிமை சிலிண்டரின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அதற்குக் கிடைக்கும் மூச்சிலும் இருக்கின்றது.

நிற்க. “ஆளைக் குறை, வேலையைக் கூட்டு என்று நாங்கள் சொல்வதும் இதுதானே!” என்று முதலாளி ஒருவர் மகிழக்கூடும். அவர் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும். மூன்று சிலிண்டரிடம் மிகுதி கேட்ட பொறியாளன் முதலில் என்ன கொடுத்தான்? அமுக்கத்தாற் சூடேறிய காற்றைக் குளிரவைத்துக் கொடுத்தான். மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான உறுப்புகளைக் கொடுத்தான். யாரிஸ் இயந்திரத்தில் பிஸ்டன்களின் அடியில் எண்ணெயைப் பீச்சிச் சூட்டைத் தணிக்கவும் வகைசெய்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேற்சுழலும் டர்போவுக்குத் தூய எண்ணெய் தடையின்றிக் கிடைக்கச் செய்தான். அழுத்தம் எல்லை மீறாதபடி, மிகையான புகையை வேறு வழியே விடும் வாயிலும் வைத்தான். இவையின்றி வேலையை மட்டும் கூட்டியிருந்தால் இயந்திரம் வெடித்திருக்கும். அவனை யாரும் பொறியாளன் என்றிருக்கமாட்டார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிலிண்டர் வெளியே விட்டதன் வலிமை, அதற்கே புதுமூச்சாகத் திரும்புகிறது. நம் முன்னோர் வெட்டிய பால் ரப்பராகிப் பினாங்குத் துறைமுகத்தின் வழியே கப்பலேறிற்று. இலாபமும் கடல் கடந்தது. லயத்துக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் அதிலிருந்து திரும்பி வந்தது எவ்வளவு? வந்தது சொற்பம் என்பதற்கு, நம்மிற் பலர் தாண்டிவந்த வறுமையே சாட்சி.

மனிதன் இயந்திரமல்லனே என்பீர்கள். உண்மை. நோவறியா இரும்புக்கே இத்தனை கொடுத்தாக வேண்டுமெனில், நோவறியும் மனிதனுக்கு எத்தனை கொடுக்கவேண்டும்!

இந்நீதி துரைமாருக்கு மட்டும் உரியதன்று. விடியுமுன் எழுந்து சமைத்து, வெளியிலும் உழைத்து, இரவிலும் வீட்டுவேலை செய்யும் மனைவி மூவர் வேலையை ஒருத்தியாய்ச் செய்கிறாள். அவளுக்கு நாம் கொடுத்த ஓய்வு எவ்வளவு? படி, படி என்று பிள்ளையை நெருக்குகிறோம். விளக்கடியில் ஓரிடமும், அமைதியான ஒரு மணி நேரமும் அவனுக்கு அமைத்தோமா? கடைப்பையனிடம் சுறுசுறுப்பை எதிர்பார்ப்பவர் அவன் வேளைக்கு உண்டானா என்று கேட்டதுண்டா?

மிகுதி கேட்பது குற்றமன்று. கொடாமற் கேட்பதே குற்றம். அதைத் துரையிடம் கண்டிக்கும் நாம், நம் வீட்டுக்குள்ளும் கண்டிக்கக் கற்போமாக.