போகாதீர்கள் என்றவர்கள்

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவசத் தகட்டின் கனம் என் கைக்குத் தெரியும். அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கு மேல். காசாவின் குறுகலான தெருவில் ஒரு டாங்கி திரும்புவதைப் போனில் பார்த்தால், அந்த எடை தரைக்கடியில் போகும் தண்ணீர்க் குழாயை என்ன செய்யும் என்றுதான் மனம் முதலில் போகிறது.

"பார்த்துப் பார்த்து என்ன ஆகப்போவுது? பிரஷர்தான் ஏறும்" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்வி. பட்டாபிராமில் ஒரு கிழவன் பார்ப்பதால் எந்தக் குண்டும் நிற்காது. காப்பாற்ற முடியாதவன் பார்ப்பதற்கு அறத்தில் இடம் உண்டா, அல்லது அதுவும் வேடிக்கைதானா?

அதற்கான பதில் எனக்குக் கிளிநொச்சியிலிருந்து கிடைத்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களின் பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்றது இலங்கை அரசு. அவர்கள் வன்னியை விட்டுக் கிளம்பினார்கள். சனங்கள் அலுவலக வாசலில் கூடி, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். ஐ.நா. ஊழியர் யாரும் குண்டு விமானத்தை மறிக்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நடப்பதைப் பார்க்க ஒரு ஆளாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள். எட்டே மாதத்தில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. தன் தோல்வியை ஐ.நா.வின் சொந்த ஆய்வே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது.

அயப்பாக்கத்தில் குடியிருக்கும் ஈழத்துத் தங்கச்சி ஒருத்திக்கு முள்ளிவாய்க்காலின் கடைசி மணல்திட்டில் அண்ணன் குடும்பமே போய்விட்டது. இங்கே நாம் 2009 மே 13 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு, 16ஆம் தேதி யாருக்கு எத்தனை இடம் என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவள் ஒருமுறை சொன்னாள்: "காப்பாத்தேல்ல எண்டு நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்ல, அண்ணை. ஆனா சானலை மாத்திப் போட்டியள்."

காப்பாற்ற முடியாமல் போனாலும் விலகாமல் இருந்த ஒருவரை நினைக்கிறேன். 2024 ஜனவரி 29 அன்று காசா நகரில், சுடப்பட்டு இறந்த உறவினர்களோடு ஒரு காருக்குள் சிக்கியிருந்தாள் ஹிந்த் ரஜப் என்ற சிறுமி. பக்கத்தில் டாங்கி நிற்கிறது, வந்து கூட்டிப்போங்கள் என்று செம்பிறைச் சங்கத்துக்குப் போனில் சொன்னாள். ரமல்லாவிலிருந்த பெண் ஊழியரால் அவளிடம் போக வழியில்லை. ஆனால் போனை வைக்கவில்லை, மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். அனுப்பிய ஆம்புலன்ஸில் இருந்த இருவரும் கொல்லப்பட்டார்கள். 12 நாள் கழித்துத்தான் அந்தக் குழந்தையின் உடல் கிடைத்தது. அப்படியானால் அந்த ஊழியர் செய்தது வீணா? வீண் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும் என்பது சைவ சித்தாந்தம். திருமுல்லைவாயில் கோயில் பிரகாரத்தில் ஒரு பெரியவர் இதை விளக்கக் கேட்டிருக்கிறேன். பளிங்கின் மேல் நிறம் படிவது போல என்பார். ஒரே காட்சிதான். ஒருவன் அதில் அடிபட்டவனைச் சார்கிறான். இன்னொருவன் அடித்தவன் மேலுள்ள வெறுப்பைச் சார்ந்து, ஒரு மதத்தையே, ஓர் இனத்தையே சபிக்கிறான். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரில் குழந்தைகள் உண்டு, முதியவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்க மறுப்பவன் காசாவையும் பார்க்கவில்லை, தன் கட்சியைத்தான் பார்க்கிறான். அவர்களைக் காட்டிக் காசாவின் பட்டினியை நியாயப்படுத்துகிறவனும் அப்படித்தான்.

என்னோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்த பாய் ஒருவர் பூந்தமல்லியில் இருக்கிறார். ஜும்மாவில் காசாவுக்காக துஆ கேட்டுவிட்டு வருவார். "உங்க ஆளுங்கன்னு அழுவறீங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை என்னிடம் சொல்லி வருந்தினார். எனக்குக் கோபம் வந்தது. 2009இல் நாம் டெல்லியிடமும் உலகத்திடமும் என்ன கேட்டோம்? உறவு இல்லாதவர்களையும் அழச் சொல்லித்தானே கேட்டோம்?

பார்ப்பது அழுவதோடு நின்றுவிடவும் இல்லை. 2024 பிப்ரவரியில், நம் பெரிய துறைமுகங்களின் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்தது. கிரேன் ஓட்டுகிறவர்கள், கண்டெய்னர் ஏற்றுகிறவர்கள், என்னைப் போல உடம்பால் பிழைத்தவர்கள். தங்கள் கை வழியாக என்ன போகிறது என்று அவர்கள் யோசித்ததற்கு, மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

பக்கத்துத் தெருப் பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறான். அவனிடம் இந்த அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன்.

"நாங்க கடையற பார்ட் எங்க போவுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பெரியப்பா."

"நீ கேட்டியா?"

இதுவரை கேட்டதில்லையாம். திங்கட்கிழமை கேட்கிறேன் என்றிருக்கிறான்.