உப்பிட்டவரை நினைக்கிறோமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். விருந்து வைத்த வீட்டாரை நினைக்கிறோம். ஆபத்துக்குக் கைமாற்றுத் தந்தவரை நினைக்கிறோம். ஆனால் அந்த உப்பையே எடுத்துத் தந்தவர் யார், அவர் வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்று என்றைக்காவது நினைத்திருக்கிறோமா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். உப்புநீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட வைக்கிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு விளைகிறது. அதை வாரிச் சேர்த்து, கூடையில் சுமந்து போய்க் குவிக்கிறார்கள். பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் பாடுபடுகிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. கோடையில் நாமெல்லாம் நிழல் தேடி ஓடுகிறோம். அவர்களோ வெயில் அடிக்க வேண்டுமே என்று வானத்தைப் பார்க்கிறார்கள். வெயில் இல்லையென்றால் கூலி இல்லை.

வடகிழக்குப் பருவமழை பிறந்துவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அந்தக் கரையோரம் முழுவதும் மழைவெள்ளத்தில் தத்தளித்தது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022இல் கொண்டு வந்தது. நல்ல காரியம்; நன்றி சொல்ல வேண்டியதே. ஆனால் மூன்று மாதத்துக்கு அதைப் பங்கிட்டுப் பாருங்கள்: ஒரு முழுக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபாய். நம்மில் ஒருவர் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கடையில் கொடுக்கும் காசுகூட அல்ல அது.

அதே சாலையில்தான் விடுமுறையைக் கழிக்கச் செல்லும் கார்களும் விரைகின்றன. உப்புக் குவியலின் முன் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. குவித்தவரிடம் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

யமன் நாட்டு உப்பு

உப்பைப் பற்றி நம் மார்க்கத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. யமன் நாட்டிலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, மாரிப் என்ற ஊரிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்கு வழங்குமாறு கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் வழங்கிவிட்டார்கள். அவர் திரும்பியதும் சபையிலிருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத ஊற்றைப் போன்றது என்று எடுத்துச் சொன்னார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது பதிவாகியிருக்கிறது. உழைப்பின்றி எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய அல்லாஹ்வின் அருட்கொடையை ஒருவர் மட்டும் வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மார்க்க அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துச் சொன்னார்கள்.

இதனால் முதல் போட்டு உப்பளம் நடத்துவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பாத்தி கட்டியவருக்கும் பணம் போட்டவருக்கும் உரிமை உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் அல்லாஹ்வுடையது. வெயில் அவனுடையது. காற்று அவனுடையது. உப்பு விளைவதில் மனிதன் சேர்ப்பது பெரும்பாலும் உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்பைத் தந்தவருக்கே கடைசிப் பங்கும் குறைந்த பங்கும் என்றால், அந்தக் கணக்கை எந்த முகத்தோடு நாம் மறுமையில் ஒப்படைப்போம்?

உயர்வு எதில் இருக்கிறது?

செல்வம் வந்தால் ரப்பு தன்னைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று மனிதன் நினைக்கிறான். கை சுருங்கினால் இழிவுபடுத்திவிட்டான் என்று புலம்புகிறான். இரண்டும் தவறு என்று திருமறையின் 89ஆவது அத்தியாயம் உணர்த்துகிறது. அடுத்தபடியாக, அநாதையைக் கண்ணியப்படுத்தாததையும் ஏழையின் உணவுக்குத் தூண்டாததையும் கண்டிக்கிறது. செல்வமும் வறுமையும் சோதனைதான், சான்றிதழ் அல்ல. தன் அறிவால்தான் எல்லாம் வந்தது என்று மார்தட்டிய காரூனை அவன் மாளிகையோடு பூமி விழுங்கியது.

குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் தீனை எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தமக்குக் கற்பிக்குமாறு கேட்டு வந்தார்கள். தலைவர்கள் நேர்வழிக்கு வந்துவிட மாட்டார்களா என்ற கவலையில் நாயகம் அவர்களின் முகம் சற்றே சுளித்தது. அதற்கே 80ஆவது அத்தியாயம் இறங்கியது. பின்னர் அந்தப் பார்வையற்ற தோழரே மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பைப் பெற்றார்கள். அதுவும், தம் கௌரவத்துக்காக அல்ல, தீனுக்காகவே கவலைப்பட்ட நபிக்கு வந்த எச்சரிக்கை. வெறும் அந்தஸ்துக்காகவே ஏழைக்கு முகம் சுளிக்கிற நமக்கு எவ்வளவு பெரிய எச்சரிக்கை!

தொழுகையில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். ஸலாம் கொடுத்து வாசலைத் தாண்டியதும் என்ன ஆகிறது? நிக்காஹ் வீட்டில் காருக்கு ஒரு வரவேற்பு, சைக்கிளுக்கு ஒரு வரவேற்பு. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படுகிற வலீமா விருந்து உணவுகளில் மிகக் கெட்டது என்று புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் போட்டவரும் பாத்திரம் கழுவியவரும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நினைத்துப் பார்ப்போம். அந்த பிரியாணியில் அவர்கள் வியர்வையும் உண்டு. உப்பளத்துப் பெண்ணின் வியர்வையும் உண்டு.

அந்தஸ்தை இறக்கி வைத்தவர்

பரோடா சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அப்பாஸ் தையப்ஜி அவர்கள். மேல்நாட்டு உடையும் மாளிகை வாழ்வும் பழகியவர். பிற்காலத்தில் அந்த உடைகளைத் தீயிலிட்டுக் கதர் உடுத்தினார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். 1930இல் காந்தியடிகள் கைதானதும் தாராசனா உப்புக் கிடங்குப் போராட்டத்துக்குத் தலைமையேற்றுப் புறப்பட்டு, 76 வயதில் சிறை சென்றார். ஏழையின் கஞ்சிக்குப் போடும் உப்புக்கு வரியா என்று ஒரு சீமான் தெருவில் இறங்கி நடந்தார். உப்பு வரி 1947இல் ஒழிந்தது. உப்பு எடுப்பவரின் வறுமை ஒழிந்ததா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கூலி. கூலி தர்மம் அல்ல, கடன். வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸ் குத்ஸி எச்சரிக்கிறது. உழைத்தவர் எந்த மதத்தவர் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு ரமலானில் ஸதகா வழங்குகிறவர், அடுத்தவர் பணத்தில் நன்மை தேடுகிறவர்.

இரண்டாவது, ஜகாத். நாற்பதில் ஒன்று ஏழைகளின் உரிமை. வாசலில் வரிசை நிறுத்திச் சில்லறை வீசுவது அந்த உரிமையைக் கொடுக்கும் முறையல்ல. மழைக்காலத்தில் வேலையில்லாதவர் யார், யார் வட்டிக்கு வாங்குகிறார் என்று மஹல்லாவில் விசாரித்து, வீடு தேடிச் சென்று கொடுப்போம். மாற்று மதத்து அண்டை வீட்டாருக்கு ஸதகாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

மூன்றாவது, நாவு. நம் வீட்டுச் சிறுவர்கள் அறுபது வயது வேலையாளை ‘வா, போ’ என்று அழைக்கிறார்கள். நாமும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ‘வாங்க’ என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு காசும் செலவில்லை.

இன்று இரவு சோற்றில் கை வைக்கும்போது, பிஸ்மில்லாஹ் சொன்ன கையோடு அந்த உப்பை நினைப்போம். அதைச் சுமந்த தலையை நினைப்போம். நமக்குக் கடன்பட்டவர் யார் என்று மட்டும் எண்ணாமல், நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றும் எண்ணுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் செல்வத்தைப் பெருமைக்குக் காரணமாக்கிவிடாதே. ஏழையின் உரிமையை எங்கள் பெட்டியில் தங்கவிடாதே. உழைப்பவர்களின் பசியைப் போக்குவாயாக. அவர்களோடு ஒரே ஸஃப்பில் எங்களை மஹ்ஷரிலும் எழுப்புவாயாக. ஆமீன்.